குக்கர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மூடியை மறந்துவிடாதீர்கள்

நம் வீடுகளில் குக்கர் துலக்கப்படும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கமும் அடிப்பாகமும் பளபளவென்று தேய்க்கப்படும். மூடியோ குழாய்த் தண்ணீரில் ஒருமுறை காட்டப்பட்டு அப்படியே கவிழ்த்து வைக்கப்படும். ஆனால் குக்கரின் பாதுகாப்பு அந்த மூடியை நம்பித்தான் இருக்கிறது. நீராவி வெளியேறும் குழாய், அதன்மேல் உட்காரும் வெயிட், சேஃப்டி வால்வு, கேஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையம் ஆகிய நான்கும் மூடியோடு சேர்ந்தவை. பாத்திரம் கறுத்துப்போனால் பார்வைக்குக் குறை, அவ்வளவே. மூடியில் அடைப்பு ஏற்பட்டால் அடுப்பங்கரையில் நிற்பவருக்கே ஆபத்து.

அந்த ஆபத்தின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். வெயிட் மேலெழும்பி விசில் அடிக்கும் நேரத்தில், குக்கருக்குள் வெளிக்காற்றைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கூடுதல் அழுத்தம் இருக்கும். மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். அதாவது 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை அந்த மூடியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே கொதிக்கும். பருப்பு சீக்கிரம் வேகக் காரணம் இந்தச் சூடுதான். அழுத்தம் இறங்குவதற்குள் மூடி திறந்துகொண்டால், 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறியிருந்த தண்ணீர் அந்த நொடியே பொங்கி ஆவியாகி, உள்ளே இருக்கும் குழம்பையும் கஞ்சியையும் வாரி வெளியே இறைத்துவிடும். 1679ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பின் அழுத்தத்தில் சமைக்கும் பாத்திரத்தை உருவாக்கினார்; அது வெடித்துவிடாமல் இருக்க நீராவியை வெளியேற்றும் வால்வு ஒன்றையும் அதில் அவர் சேர்க்க வேண்டியிருந்தது. அன்று முதல் இன்றுவரை இந்தப் பாத்திரத்தின் அடிப்படை விதி ஒன்றுதான்: நீராவி வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்யும் தவறுகளில் முதலாவது, வெயிட் உட்காரும் அந்தச் சிறு குழாயைப் பார்க்காமலேயே மூடியை மாட்டுவது. கழுவிய மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்பக்கத்திலிருந்து குழாயின் துளை வழியாகப் பாருங்கள். மறுபக்கத்து வெளிச்சம் வட்டமாக, முழுமையாகத் தெரிய வேண்டும்; ஓரத்தில் பிறைபோல் இருட்டடித்துத் தெரிந்தால், காய்ந்துபோன கஞ்சியோ பருப்புத் தோலோ உள்ளே ஒட்டியிருக்கிறது என்று பொருள். பலர் துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவித் துளைக்குள் விட்டுக் குத்துகிறார்கள். ஈர்க்கு உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால், அடைப்பை எடுக்கப் போய்ப் புதிதாக ஒரு அடைப்பை வைத்ததாக ஆகிவிடும். குக்கரோடு கொடுக்கப்படும் கம்பியையோ, கோணி ஊசி போன்ற ஒடியாத ஒன்றையோ பயன்படுத்துவதே சரி. அழுக்கை நீக்கிய பிறகு குழாயடியில் பிடித்து, தண்ணீர் தடையின்றி மறுபக்கம் வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வெயிட்டையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அதன் அடிக்குழியில் மஞ்சள் நிறத்தில் படிந்து இறுகிப்போன பருப்புப் பசை பல வீடுகளில் வெகுநாளாக அங்கேயே இருக்கும். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அது வந்துவிடும்.

குழாயை அடைப்பவை எவை என்று தெரிந்திருப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். சீரகம், மிளகு, கடுகு, கறிவேப்பிலை, தக்காளித் தோல், கீரை இலை ஆகியவை குக்கரில் நேரடியாகச் சமைக்கும்போது நீராவியோடு மேலெழுந்து துளையில் மாட்டிக்கொள்ளக்கூடியவை. ஓட்ஸும் ஜவ்வரிசியும் நுரைத்துப் பசையாகப் பொங்குபவை. அவற்றைக் குக்கரில் மூடி போட்டு வேகவைக்காமல் இருப்பதே நல்லது. குக்கரை எந்தச் சமையலுக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. அரிசி, பருப்பு, பயறு வகைகளுக்குத் தண்ணீரையும் சேர்த்துப் பாதி அளவே வரம்பு. துவரம்பருப்பை நேரடியாக வேகவைப்பதாக இருந்தால் அதற்கும் குறைவாக வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நுரையை அடக்கும். விருந்தாளிகள் வந்திருக்கும் நாளில் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று கழுத்துவரை நிரப்புவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த அவசரத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இரண்டு தடவையாக வைத்தால் கூடுதலாக ஆகப்போவது கால் மணி நேரம்தான். உள்ளே அடுக்கடுக்காகப் பாத்திரம் வைப்பவர்கள், மேல் பாத்திரமோ அதன்மேல் மூடிய தட்டோ குக்கர் மூடியைத் தொட்டுக் குழாயின் வாயை மறைக்காதபடி இடைவெளி விட வேண்டும்.

அடுத்தது, மூடியை மாட்டிய உடனேயே வெயிட்டையும் போட்டுவிடுவது. இது ஏறத்தாழ எல்லா வீட்டிலும் நடக்கிறது. வெயிட்டைத் தனியாகப் போடும் வகைக் குக்கர்களில், குழாய் வழியாக நீராவி சீராகவும் வேகமாகவும் வரத் தொடங்கிய பிறகுதான் அதைப் போட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால்தான் சூடு சீராகப் பரவும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, நீராவி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் குழாய் திறந்திருக்கிறது என்று உறுதியாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் செலவில்லாமல் நடக்கும் இந்தச் சோதனையை நாமே முன்கூட்டி வெயிட்டைப் போட்டு இழந்துவிடுகிறோம்.

விசில் வரும்போது மஞ்சள் தண்ணீர் தெறித்து அடுப்பும் சுவரும் கறையாகின்றன என்பதற்காக, வெயிட்டின்மேல் துணியைச் சுற்றுவதையும் டம்ளரைக் கவிழ்ப்பதையும் வேலையை எளிதாக்கும் யோசனைகள்போலப் பலர் பரப்பி வருகிறார்கள். வெயிட் தடையின்றி மேலெழும்பித் தணிவதுதான் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அதைத் துணியால் அமுக்குவது அந்தக் கட்டுப்பாட்டையே குலைப்பதாகும். கஞ்சி தெறிக்கிறது என்றால் தண்ணீர் அதிகம், அல்லது நிரப்பியது அதிகம், அல்லது தீ அதிகம். இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்தாலே சுவர் சுத்தமாக இருக்கும். அவசரத்தில் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றுவதும் இதே வகைத் தவறுதான். பருப்பும் கஞ்சியும் இருக்கும் குக்கரில் அப்படிச் செய்தால் ஆவியோடு கொதிக்கும் நுரையும் பீய்ச்சிக்கொண்டு வரும்.

வழக்கமான நேரம் கடந்தும் விசில் வரவில்லை, ஓரத்திலும் நீராவி கசியவில்லை என்றால், தீயைக் கூட்டிப் பார்ப்பதோ வெயிட்டை ஆட்டிப் பார்ப்பதோ கூடவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குக்கர் தானாக முழுவதும் ஆறட்டும். அதற்கு எவ்வளவு நேரமானாலும் சரி. மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினால், உள்ளே இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சுத்தியலும் தோள்பலமும் அங்கே வேலைக்கு ஆகாது. ஆறிய பிறகு எளிதாகத் திறக்கும் மூடியை எடுத்து, அடைப்பு எங்கே என்று பார்த்துச் சரிசெய்த பிறகே மறுபடி ஏற்ற வேண்டும்.

குழாய் அடைபட்டாலும் காப்பாற்றுவதற்கென்று இருப்பது சேஃப்டி வால்வு. பெரும்பாலான வகைகளில் அதன் நடுவே குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். குக்கர் தண்ணீரின்றிக் காய்ந்தாலோ, அழுத்தமும் சூடும் அளவு மீறினாலோ அது உருகி வழிவிடும். வால்வு போய்விட்டது என்றதும் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். அது ஏன் போனது என்று கேட்பதில்லை. தண்ணீர் ஊற்ற மறந்தோமா, குழாய் அடைத்திருந்ததா என்று பார்க்காமல் வால்வை மட்டும் மாற்றினால் அதே காரணம் மறுபடி வரும். உருகிய துளையை ஈயம் வைத்து அடைப்பதும், திருகாணியைப் போட்டு முறுக்கிவிடுவதும், ஏதோ ஒரு பசையைப் பூசுவதும் குக்கரின் கடைசிக் காவலையும் நாமே அகற்றிவிடுவதாகும். சில தெருவோரப் பழுதுக்காரர்கள் நல்லெண்ணத்துடன்தான் இப்படிச் செய்துகொடுக்கிறார்கள். அப்படிச் செய்த குக்கரை அடுப்பில் ஏற்ற மறுக்க வேண்டியது நம் பொறுப்பு. அந்த நிறுவனம் அந்த மாடலுக்கென்று விற்கும் வால்வையே வாங்க வேண்டும். கழுவும்போது வால்வின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியின் விளிம்பில் நீள்சதுரத் திறப்பு உள்ள குக்கர்களில், அழுத்தம் மிஞ்சினால் கேஸ்கெட் அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியேற்றும். அந்தத் திறப்பையும் அழுக்கு அடைக்கவிடக்கூடாது.

கேஸ்கெட்டைப் பற்றி நம்மிடையே உலவும் கைவைத்தியங்கள் ஏராளம். ஃப்ரீசரில் வைத்தால் இறுகிவிடும், நூலைச் சுற்றினால் கசிவு நிற்கும், திருப்பிப் போட்டால் இன்னும் சில மாதம் ஓடும் என்கிறார்கள். குளிரில் ரப்பர் சற்றுச் சுருங்குவது உண்மைதான். ஆனால் அடுப்பில் ஏறிய சில நிமிடங்களில் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். தொளதொளவென்று விரிந்துவிட்ட, விறைத்துப்போன, மடக்கிப் பார்த்தால் மயிரிழைபோல் வெடிப்புகள் தெரியும் கேஸ்கெட்டுக்கு மருந்து கிடையாது, மாற்றுவதுதான் வழி. தினமும் குக்கர் ஏற்றும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். அதற்கு முன்பே ஓரத்தில் நீராவி கசியத் தொடங்கினால் அப்போதே மாற்ற வேண்டும். கசியும் குக்கரில் விசில் வரத் தாமதமாகும். விசிலை எண்ணிக்கொண்டு காத்திருப்போம். அதற்குள் தண்ணீர் வற்றி அடிப்பிடித்து, சேஃப்டி வால்வும் போய்விடும். சமையல் முடிந்ததும் கேஸ்கெட்டைக் கழற்றித் தனியே கழுவி, ஈரம் துடைத்து, அது உட்காரும் பள்ளத்தையும் துடைப்பது அவசியம். கழற்றாமலேயே கழுவினால் அந்தப் பள்ளத்தில் சாம்பாரும் கஞ்சியும் தங்கிப் புளித்து வாடையடிக்கும். குக்கரை எடுத்து வைக்கும்போதும் மூடியைப் பூட்டி வைக்காமல், தலைகீழாகப் பாத்திரத்தின்மேல் வைப்பது நல்லது. ரப்பர் நசுங்காது, உள்ளே பூசணமும் பிடிக்காது.

இனி பாத்திரத்தைப் பற்றி. அலுமினியக் குக்கரின் உட்புறம் கறுப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீரால்தான். அடியில் ஊற்றும் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடும் பழைய வழக்கம் முற்றிலும் சரியானது. அதிலுள்ள அமிலம் கறுப்பு படிவதைத் தடுக்கிறது. கறுத்த பிறகும் அதே புளித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தேய்த்தால் போதும். சமையல் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் அலுமினியம் மேலும் கறுக்கும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவது பார்க்க அழகாக இருக்குமே தவிர, ஒன்று மற்றதன் வீரியத்தைப் பெரும்பாலும் முறித்துவிடும். ஹார்ட் அனோடைஸ் செய்த, அதாவது அலுமினியத்தின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய, கறுப்புக் குக்கரைச் சலவைச் சோடாவாலோ இரும்பு நாராலோ தேய்த்தால் அதன் மேற்பூச்சு போய்விடும். உப்பும் புளியும் சேர்ந்த குழம்பை அலுமினியக் குக்கரிலேயே இரவெல்லாம் விட்டுவைத்தால் உட்புறத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் விழும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நலம். அடிப்பிடித்த குக்கரை உடனே சுரண்டாமல், ஆறியதும் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மறுநாள் கழுவினால் கீறல் விழாது.

கரண்டியில் ஒட்டிய சாதத்தை உதறக் குக்கரின் விளிம்பில் டக்டக்கென்று தட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். விளிம்பு நசுங்கினால் எத்தனை புதிய கேஸ்கெட் போட்டாலும் அந்த இடத்தில் ஆவி கசிந்துகொண்டேதான் இருக்கும். கைப்பிடித் திருகாணிகளை அவ்வப்போது முடுக்குங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் கைப்பிடியும் கேஸ்கெட்டும் கருகும். கஞ்சி பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்து, எரியாத கேஸ் வெளிவந்துகொண்டிருக்கலாம். அப்போது முதலில் அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடி, சன்னல்களைத் திறக்க வேண்டும். துடைப்பதெல்லாம் பிறகு. பர்னர் துளைகளில் கஞ்சி புகுந்திருந்தால் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கும். பர்னர் ஆறியதும் கழற்றிக் கழுவி, நன்கு உலர்ந்த பிறகே திரும்ப வையுங்கள்.

புதிய குக்கர் வாங்குபவர்கள் ஐஎஸ்ஐ முத்திரையையும் அதனுடன் இருக்கும் ஐஎஸ் 2347 என்ற எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2020இல் பிறப்பித்த ஆணை 2021 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய குக்கரின் அடிப்பாகம் புடைத்து அடுப்பில் ஆடினாலோ, உடலில் வெடிப்பு தெரிந்தாலோ, மூடியின் பூட்டும் காதுகள் தேய்ந்து பாதியிலேயே கழன்றுகொள்வதுபோல் இருந்தாலோ, அதற்குப் பிறகு அதில் மூடி போட்டுச் சமைக்கக்கூடாது. வெடிப்பில்லாத பாத்திரத்தைப் பால் காய்ச்சவோ வெந்நீர் போடவோ வைத்துக்கொள்ளலாம். மூடியையும் வெயிட்டையும் மட்டும், யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடாதபடி, பழைய சாமான்காரரிடம் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.