பழைய பாட்டின் கதையைத் தோண்டுவது எப்படி?

முதலில் இணையத்தைத் தொடாதீர்கள். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை கேளுங்கள். டீப் பர்ப்பிள் என்ற ராக் இசைக்குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் கிதார் தொடக்கத்தை மட்டும் வருடக்கணக்கில் முணுமுணுத்துத் திரிந்தவன் நான். வரிகளைப் படித்த அன்றுதான் அது ஏறக்குறைய ஒரு செய்தி அறிக்கை என்று உறைத்தது. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரம். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியால் சுட, கச்சேரி நடந்த காசினோ (சூதாட்ட விடுதி) முழுவதும் பற்றி எரிந்தது. புகை ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்தது. அங்கே ஆல்பம் பதிவுசெய்ய வந்திருந்த குழு, பார்த்ததை அப்படியே பாட்டாக்கிவிட்டது. ஊர், ஸாப்பாவின் பெயர், தீ எல்லாம் வரிகளிலேயே இருக்கின்றன.

அடுத்து, இசைத்தட்டின் உறை. அதில் உள்ள ஒலிப்பதிவு நடந்த இடம், எழுதியவர் பெயர் ஆகியவற்றோடு பொருந்தாத கதையைச் சந்தேகியுங்கள்.

பாட்டை எழுதியவரின் பேட்டியையும் தேடுங்கள். 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) உருக்கமான காதல் பாட்டு என்று நம்பி, நண்பரின் திருமண வரவேற்புக்கு நானே பரிந்துரைத்தேன். அது பொறாமையும் கண்காணிப்பும் பற்றியது என்று அதை எழுதிப் பாடிய ஸ்டிங்கே சொல்லியிருக்கிறார். நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.