ஓஇடி ரீடிங்: பகுதி ஏ-யில் நேரம் எங்கே போனது?

நான் நர்ஸ். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் ரீடிங்கில் (வாசிப்புப் பிரிவில்) என்னைக் கவிழ்த்தது பகுதி ஏ-தான்: 4 சிறு பத்திகள், 20 கேள்விகள், 15 நிமிடம். நான்கையும் வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கேள்விக்கே போவேன். பாதியில் நேரம் முடிந்துவிடும். அப்புறம் வரிசையை மாற்றினேன். தலைப்புகள், அட்டவணைகள் மேல் ஒரு பார்வை, உடனே கேள்வி, பிறகு அதற்கான வரியை மட்டும் தேடுவது.

சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதையும் விட்டேன். கேள்வியில் 'ஹைப்பர்டென்ஷன்' இருக்கும், பத்தியிலோ 'ரெய்ஸ்டு பிளட் பிரஷர்' என்றிருக்கும்; இரண்டும் உயர் ரத்த அழுத்தம்தான். அதனால் நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதினேன். விடையில் எழுத்துப்பிழை கூடாது. பத்தியில் பார்த்து அப்படியே எழுதினால் போதும். ('டயரியா'வை நினைவிலிருந்து எழுதி நான் இழந்த மதிப்பெண்கள் தனிக்கதை.) இப்போது பயிற்சித் தாளை 13 நிமிடத்தில் முடிக்கிறேன்.