சின்ன எஸ்யூவி: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

தினமும் ஓஎம்ஆர் சிக்னல்களில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கிறதா? ஆட்டோமேட்டிக் பக்கம் போவதில் தப்பே இல்லை. ஆனால் ஷோரூமில் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். எந்த வகை என்று கேளுங்கள்.

டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர் போன்றவற்றில் வருவது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. விலை குறைவு, மைலேஜும் மேனுவலை ஒட்டியே வரும். கியர் மாறும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி ஒரு தயக்கம். மாருதி ஃப்ரான்க்ஸில் 1.2 லிட்டர் எஞ்சினுக்கு ஏஎம்டி, 1.0 லிட்டர் டர்போவுக்கு 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே எஞ்சின் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

டெஸ்ட் டிரைவை சமதளத்தோடு முடிக்காதீர்கள். மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். அங்கே ஏஎம்டி வண்டியை ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தக் கூடாது, கிளட்ச் தேய்ந்துவிடும். பிரேக்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்குபவரா? நான் மேனுவலைத்தான் சொல்வேன். இறக்கத்தில் இரண்டாம் கியர் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கிலும் கியரை நாமே குறைக்கலாம். ஆனால் பலர் லீவரை 'டி' (டிரைவ்) நிலையிலேயே விட்டுவிட்டு பிரேக்கைச் சூடாக்குகிறார்கள்.

அப்புறம், வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவரையும் கூட்டிப்போய் ஓட்ட வையுங்கள்.