பிடிபட்டால் ஏன் என்று விளங்க வேண்டும்: முதல் ஸ்டெல்த் கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் ஒரு மீன்வாடி. இரவு நேரம். கொட்டிலுக்குள் ஒரு கூடை கருவாடு. டோச் லைட்டோடு ஒரு காவற்காரர் சுற்றி வருகிறார். கிடுகு வேலிக்கு வெளியே, விளையாடுபவர் இயக்கும் ஒரு பூனை காத்திருக்கிறது. நீங்கள் செய்யும் முதல் ஸ்டெல்த் கேமுக்கு, அதாவது யார் கண்ணிலும் படாமல் பதுங்கி விளையாடும் கேமுக்கு, இவ்வளவும் தாராளம். அதே ஊரிலுள்ள பிரட்றிக் கோட்டை முழுவதையும், உள்ளே திரியும் மான்களோடு சேர்த்துக் கட்டிவிட ஆசை வரும். அதை இரண்டாவது கேமுக்கு எடுத்து வையுங்கள்.

தொடக்கக்காரர் விடும் முதல் பிழையே இந்த அளவுக்கு மிஞ்சிய ஆசைதான். வேடம் மாறுதல், பூட்டுத் திறத்தல், கல்லெறிதல், கூரையில் ஏறுதல் என்று பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் திட்டமிடுகிறார்கள். ஒவ்வொன்றும் காவற்காரரின் மூளையில் ஒரு புதிய கேள்வியைச் சேர்க்கும். கூரையில் பூனை ஏறலாம் என்றால் அவர் மேலே பார்ப்பாரா, எப்போது பார்ப்பார் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். பதுங்கி நடத்தல், மறைதல், வெறும் பேணியைத் தட்டிவிட்டு அவரைத் திசைதிருப்புதல் ஆகிய மூன்று போதும். இடமும் 20 மீற்றருக்கு 15 மீற்றர் இருந்தால் காணும்.

அடுத்தது வேகம். இதைக் கணக்குப் போடாமல் கண்மதிப்பில் வைப்பதால் கெட்டுப்போகும் கேம்கள் ஏராளம். காவற்காரர் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடக்கிறார், பூனை பதுங்கி நடப்பதும் 1.2 என்று வையுங்கள். அவருக்குப் பின்னால் எவ்வளவு நேரம் போனாலும் இடைவெளி குறையாது. பூனையை 1.6 ஆக்கினால் செக்கனுக்கு 0.4 மீற்றர் நெருங்கும். 4 மீற்றர் பின்னால் தொடங்கினால் எட்டிப் பிடிக்க 10 செக்கன். அந்த நேரத்துக்குள் அவர் 12 மீற்றர் போயிருப்பார். ஆகவே அவர் படலையைத் திறக்கும்போது பூனையும் கூடவே நுழைய வேண்டும் என்றால், அவர் நடக்கத் தொடங்கும் இடத்துக்கும் படலைக்கும் இடையில் 12 மீற்றராவது இருக்க வேண்டும். வாடியின் வரைபடத்தைக் கீறுவதற்கு முன்பே இந்த எண் கையில் இருக்க வேண்டும். படம் வரைந்து அழகுபடுத்திய பிறகு தெரிய வந்தால் வேலியையே பிடுங்கி நட வேண்டியிருக்கும்.

பார்வையில்தான் பிழைகள் அதிகம். காவற்காரரின் பார்வைக் கூம்பு, அதாவது அவர் முன்னால் விரிந்து காணும் பரப்பு, 90 பாகை என்று முடிவு செய்வீர்கள். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், காவற்காரர் பார்க்கும் திசை, பூனை இருக்கும் திசை ஆகிய இரண்டு திசைகளுக்கு இடையிலான கோணத்தை எடுத்து, அது 90ஐ விடக் குறைவா என்று பார்ப்பீர்கள். அந்தக் கோணம் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டுமே அளக்கப்படுவது. அதனால் மொத்தக் கூம்பு 180 பாகையாகி, பக்கவாட்டில் நிற்கும் பூனையையும் அவர் கண்டுவிடுவார். 45ஓடு ஒப்பிடுங்கள். கோடோ என்ற மற்றொரு மென்பொருளைப் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே கோணம் பாகையில் அல்லாமல் ரேடியன் என்ற வேறு அலகில் வரும், பாகைக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

கூம்புக்குள் பூனை இருந்தால், இடையில் மறைப்பு இருக்கிறதா என்று அறிய ரேகாஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத நேர்கோடு ஒன்றை விடுகிறோம். அது காவற்காரரின் சொந்த உடலிலேயே முட்டி நின்றுவிட்டால், அவர் எதையும் காணமாட்டார். அவருடைய உடலைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். ரேகாஸ்டை அவரது காலடியிலிருந்து விடாமல் கண்ணிலிருந்து, 1.6 மீற்றர் உயரத்திலிருந்து விடுங்கள். பூனையின் பக்கத்திலும் ஒரு புள்ளி போதாது. தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று வேண்டும்.

இதைச் சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்று கிட்ட நின்று பாருங்கள். 0.4 மீற்றர் உயரமான மீன்பெட்டி. அதன் பின்விளிம்பிலிருந்து 0.2 மீற்றர் தள்ளி, 0.3 மீற்றர் உயரமான பூனையின் முதுகு. காவற்காரர் 6 மீற்றரில் நிற்கும்போது பெட்டி மறைத்துவிடுகிறது. கிட்ட வரவர அவரது பார்வை சரிந்து இறங்குகிறது. பெட்டியின் பின்விளிம்புக்கு 2.4 மீற்றருக்குள் வந்ததும் பெட்டிக்கு மேலால் முதுகு தெரிந்துவிடும். நியாயமான விதிதான். ஆனால் விளையாடுபவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது, “பெட்டிக்குப் பின்னாலதானே இருந்தன், எப்படிக் கண்டான்?” என்றுதான் கேட்பார். எனவே மறைவு முழுமையாக இருக்கும்வரை பூனையைச் சுற்றி ஒரு நிறக்கோடு, குறையத் தொடங்கியதும் வேறு நிறம் என்று காட்டுங்கள். 1998இல் வந்த தீஃப் என்ற கேமில், ஆள் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறார் என்பதைத் திரையின் கீழே ஒரு மாணிக்கக்கல் மங்கியும் ஒளிர்ந்தும் காட்டியது. அந்தச் சிறிய கல் இல்லாவிட்டால் அந்த இருட்டை யாரும் நம்பி நடந்திருக்க முடியாது.

கண்டவுடனே பிடிபட்டதாக முடித்துவிடுவதும் தவறு. சந்தேகப் பட்டை ஒன்று நிரம்ப வேண்டும்: 10 மீற்றரில் நின்றால் 1.5 செக்கன், 3 மீற்றரில் 0.3 செக்கன் என்று தொடங்கிப் பார்க்கலாம். நிரப்பும்போது ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு படத்துக்கும், ஒரே அளவு கூட்டினால், 144 ஹேர்ட்ஸ் திரையில் 60 ஹேர்ட்ஸ் திரையை விட 2.4 மடங்கு வேகமாகப் பட்டை நிரம்பும். உங்கள் கணினியில் இலகுவாக இருக்கும் கேம் நண்பரின் கணினியில் விளையாடவே முடியாததாகிவிடும். பிரேமுக்கு எடுத்த நேரத்தால் பெருக்கியே கூட்டுங்கள்.

ஒலிக்கு நேர்கோட்டுத் தூரத்தை மட்டும் பார்ப்பது எங்கும் காணும் பிழை. மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்தாலும் காவற்காரர் திரும்பிவிடுவார். ஒரு கொப்பியில் முதலே எழுதி வையுங்கள்: கல்மதில் பார்வையையும் ஒலியையும் தடுக்கும், கிடுகு வேலி பார்வையை மட்டும் தடுக்கும், காயப் போட்ட வலை ஒலியை முழுதாக விடும், பார்வையைப் பாதி விடும். நிலத்துக்கும் அப்படியே. மணலில் பதுங்கினால் 1 மீற்றர், ஓடினால் 4 மீற்றர் கேட்கும். தகரத்தில் பதுங்கினாலே 5, ஓடினால் 10. ஒலி எவ்வளவு தூரம் போகிறது என்று திரையில் வட்டமாகக் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2012இல் வந்த மார்க் ஒவ் த நிஞ்சா அதைத்தான் செய்தது.

பேணி விழுந்த சத்தத்துக்குப் போன காவற்காரர் என்ன செய்வார்? பலருடைய திட்டத்தில் இந்த இடம் வெறுமையாக இருக்கும். சுற்றுதல், சந்தேகம், தேடுதல், துரத்தல், திரும்புதல் என்று ஐந்து நிலைகள் வேண்டும். தேடுதல் 8 முதல் 12 செக்கன் போதும். திரும்புதலை மறந்துவிட்டால் அவர் வாடியின் மூலையில் சிலைபோல் நின்றுவிடுவார், அல்லது ஒரே பாய்ச்சலில் பழைய இடத்தில் தோன்றுவார். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குரலோ அசைவோ கொடுங்கள். “ஆரது?” என்று கேட்பது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

இருட்டைப் பற்றி: இரவுக் காட்சி என்பதற்காகத் திரையைக் கறுப்பாக்காதீர்கள். உப்புவெளி மணலில் மத்தியான வெயிலில் போனைத் திறந்தால் ஒன்றுமே தெரியாது. நிழலுக்கு நீலம் கலந்த நடுத்தர நிறம் கொடுங்கள். வெளிச்ச அளவைத் திரையின் நிறத்திலிருந்து எடுக்கவும் வேண்டாம். நிலத்தில் பகுதிகள் பிரித்து 0, 0.5, 1 என்று எண் கொடுத்தால் நிறத்தை எப்போதும் மாற்றலாம், விதி மாறாது. மலிவான போன்களுக்காகப் பார்வைச் சோதனையைச் செக்கனுக்கு 10 தடவை மட்டும் நடத்துங்கள். 10 காவற்காரர், ஆளுக்கு 2 கோடு என்றால் அது 200. ஒவ்வொரு பிரேமிலும் நடத்தினால் 60 பிரேமுக்கு 1200.

பிடிபட்டால் ஐந்து நிமிடம் பின்னால் அனுப்பாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு சேமிப்பு இடம் இருக்கட்டும்.

இவ்வளவையும் சாம்பல் நிறப் பெட்டிகளால் கட்டி, படம் எதுவும் வரைவதற்கு முன் அயலில் ஒருவரை விளையாட வையுங்கள். பக்கத்தில் கதைக்காமல் இருங்கள். பிடிபடும் ஒவ்வொரு தடவையும் ஏன் என்று மட்டும் கேளுங்கள். “அவன் திரும்பினதை நான் காணல்ல” என்றால் விதி வேலை செய்கிறது. “தெரியல்ல, சும்மா பிடிச்சிட்டான்” என்று ஒரே இடத்தில் இரண்டு தடவை வந்தால், கொப்பியைத் திறந்து அந்த இடத்துக்குரிய தூரத்தையும் செக்கனையும் மாற்றி, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.