களிமண் தூளில் 12.4° சிகரம் மட்டும் எகிறினால்

பண்ருட்டிப் பக்கத்து வெள்ளைக் களிமண். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் (XRD) சோதனையில், செம்புக் கதிரில், கயோலினைட் என்ற களிமண் கனிமத்தின் 12.4°, 24.9° சிகரங்கள் மட்டும் எகிறி நின்றன. 20° அருகில் வர வேண்டியவை அடங்கிக் கிடந்தன. வரைபடம் முழுவதையும் பொருத்திக் கனிம அளவு காணும் ரியட்வெல்ட் கணக்கில் கயோலினைட் கூடி, குவார்ட்ஸ் குறைந்தது. தூளைக் கண்ணாடித் தகட்டால் மேலிருந்து அழுத்தி மட்டம் செய்ததுதான் வினை. கயோலினைட் துகள் தட்டையானது. அழுத்தினால் அப்பளம் அடுக்கியதுபோல் படுத்து, தட்டை முகமான 001 தளத்தையே காட்டும்; அந்த இரு சிகரங்களும் அதனுடையவை.

மாதிரியைச் சுழற்றினால் போதும் என்பார்கள். போதாது. தூளின் மேற்பரப்புக்குச் செங்குத்தான அச்சில் சுற்றுவதால் படுத்தது படுத்தபடியே இருக்கும். துகள் பெரிதாக இருந்தால்தான் சுழற்சி உதவும்.

எத்தனாலில் நனைத்து 10 மைக்ரானுக்குக் கீழே அரைத்தேன். உலர்வாக நெடுநேரம் அரைத்தால் படிகமே சிதையும். 60° செல்சியஸில் உலர்த்தி (கடலூர் ஈரக்காற்றில் தூள் சட்டென்று கட்டிதட்டிவிடும்), தட்டின் பக்கவாட்டுத் திறப்பு வழியே, லேசாகத் தட்டி மட்டுமே நிரப்பினேன். மூன்று முறை புதிதாக நிரப்பி அளந்தும் சிகர விகிதம் ஒன்றுபோலவே வந்தது. மிச்சமிருந்த சாய்வுக்கு, துகள் படுத்த அளவைக் கணக்கில் சரிசெய்யும் மார்ச்-டொலாஸ் திருத்தம், 001 திசையில்: அதன் ஆர் மதிப்பு 0.6-இலிருந்து 0.9 ஆனது. 1 என்றால் துகள்கள் எத்திசையும் சாயவில்லை. 0.5-க்குக் கீழே போனால் திருத்தத்தை நம்பாமல் மறுபடி நிரப்புவதே மேல்.