பழைய செமி ஆட்டோவுக்குத் தோட்டா கெட்டும்போது சறுக்கும் இடங்கள்

போன மாதம் தம்பி ஒருவர் இருபது தோட்டா அடங்கிய டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அண்ணே, ஒவ்வொண்ணுக்கும் மருந்தை எடை போட்டுத்தான் கெட்டினேன். அப்படியும் போல்ட் முழுசா மூட மாட்டேங்குது." போல்ட் என்பது தோட்டா உட்காரும் சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் துண்டு. டப்பாவைத் திறக்குமுன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன் இதே முகத்தோடு நானும் ஒருத்தர் முன்னால் நின்றிருக்கிறேன்.

மேசையில் ஒரே சமயத்தில் இரண்டு மருந்து டப்பா வேண்டாம், கண்ணாடி மாட்டிக்கொள், உச்ச அளவிலிருந்து தொடங்காதே என்பதெல்லாம் எந்த ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா கெட்டுவது) கையேட்டிலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். அதைப் படிக்காதவர் இதையும் படிக்கப்போவதில்லை. கையேட்டை ஒழுங்காகப் படித்தவர்களும் சறுக்குகிற இடங்களைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

என்னிடம் இருப்பது ரெமிங்டன் 742 செமி ஆட்டோ ரைஃபிள், .30-06 தோட்டாவுக்கானது. 1960 முதல் 1980 வரை வந்த மாடல். வின்செஸ்டர் 100, பிரவுனிங்கின் பழைய பார் (BAR) வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். குண்டு குழலுக்குள் ஓடும்போது அதன் பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாக இறங்கி, போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். திரும்பி வரும் போல்ட்டை முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுவது வெறும் ஸ்பிரிங். இந்த ஸ்பிரிங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட் ஆக்ஷன் பழக்கத்தோடு வருவது

ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூடும் போல்ட் ஆக்ஷனில் கெட்டிப் பழகியவர்கள் கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்குவார்கள். சுட்ட கூடு அந்த சேம்பரின் அளவுக்கு விரிந்திருக்கும். அப்படியே விட்டால் குறி துல்லியமாக இருக்கும், பித்தளையும் நீண்ட நாள் உழைக்கும் என்பது கணக்கு. அந்தத் துப்பாக்கியில் அது சரிதான். கூடு கொஞ்சம் தடித்திருந்தாலும் கைப்பிடியை அழுத்தி இறக்கினால் போதும், திருகாணி போல நெருக்கி உள்ளே ஏற்றிவிடும். செமி ஆட்டோவில் அப்படி நெருக்க ஆளில்லை. ஸ்பிரிங் தன்னால் முடிந்தவரை தள்ளும், முடியாத இடத்தில் நின்றுவிடும்.

நான் செய்ததும் இதுதான். கழுத்தை மட்டும் சுருக்கி நாற்பது தோட்டா கெட்டினேன். முதல் மூன்று ஓடின. நான்காவதில் போல்ட் நகக்கண் அகலத்துக்கு முன்னால் நின்றது. உள்ளங்கையால் கைப்பிடியை ஓங்கித் தட்டினேன். இன்னும் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சேம்பரில் உயிருள்ள தோட்டா. அந்த நிலையில் மரச் சுத்தியல் எடுத்து கைப்பிடியைப் பின்பக்கம் அடித்தேன் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. கைப்பிடி வளைந்தது. தோட்டா அசையவில்லை. குழலை மண்மேட்டைப் பார்த்தே வைத்துவிட்டு, விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கை அழைத்துவரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாங்கிய கூலியில் நல்ல டை (கூட்டைச் சுருக்கும் அச்சு) இரண்டு செட் வாங்கியிருக்கலாம்.

மூடாத போல்ட்டைத் தட்டி மூடாதீர்கள். அந்தத் தோட்டா அங்கே பொருந்தாது என்பதைத்தான் துப்பாக்கி சொல்கிறது.

செமி ஆட்டோவுக்குக் கூட்டை முழு நீளத்துக்கும் சுருக்க வேண்டும். அதற்கான டையையே வாங்குங்கள். அதிலும் அடிப்பகுதியைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கும் ஸ்மால் பேஸ் டை உண்டு. எல்லாத் துப்பாக்கிக்கும் அது தேவையில்லை என்பார்கள், உண்மைதான். என் 742-க்குத் தேவைப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. பயந்துபோய் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். "ஷெல் ஹோல்டரைத் (கூட்டின் அடியைப் பிடிக்கும் கவ்வி) தொடும்வரை டையை இறக்கு, அதற்குமேல் கால் சுற்று" என்று டையோடு வரும் தாளில் போட்டிருக்கும். அந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். சாதாரண ரீலோடிங் டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 1.8 மில்லிமீட்டர், கால் சுற்று 0.45. தொட்ட பிறகு தரும் கால் சுற்றில் பெரும்பகுதி, டையை மாட்டும் பிரஸ்ஸின் தளர்வை எடுக்கத்தான் போகிறது என்றாலும், கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) எங்கே போய் நிற்கிறது என்பதை அந்தத் தாள் சொல்வதே இல்லை. செமி ஆட்டோவில் தோளைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய அளவு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர். டையில் அது ஏறக்குறைய 20 பாகைத் திருப்பம்.

அளக்காமல் நான் தள்ளியது அதைப் போல மூன்று மடங்கு. தோட்டாக்கள் வழுக்கிக்கொண்டு ஏறின. எனக்கு ஏக சந்தோஷம். தோளுக்கு முன்னால் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சுடுதலிலும் கூடு முன்னே பின்னே இழுபடும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். நான்காவது முறை கெட்டிச் சுட்டபோது கூட்டின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது. மேல்பாதி சேம்பருக்குள்ளேயே தங்க, அடுத்த தோட்டா அதற்குள் போய்ச் செருகிக்கொண்டது.

இப்போது செய்வது இவ்வளவுதான். சுட்ட கூட்டின் அடியிலிருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிடுவேன். அது துருத்திக்கொண்டிருந்தால் அளவு பொய் சொல்லும். வெர்னியரில் கம்பேரட்டர் மாட்டித் தோள்வரை அளப்பேன். சுருக்கிய பின் மறுபடி அளப்பேன். டையைத் துளித்துளியாக இறக்குவேன். ஒரு எச்சரிக்கை: சில செமி ஆட்டோக்களில் அழுத்தம் முழுதும் அடங்குமுன்பே போல்ட் திறந்துகொள்ளும், அப்போது கூட்டின் தோள் சேம்பரைவிடவும் நீண்டே வெளியே வரும். அதனால் அந்த அளவை மட்டும் நம்பாமல், கூட்டை கேஸ் கேஜிலும் (சேம்பர் அளவுக்குக் கடைந்த அளவுக் குழாய்) போட்டுப் பார்ப்பேன். விளிம்புக்கு மேலே துருத்தினால் அது துப்பாக்கிக்குப் போகாது.

மெலிவைக் கண்டுபிடிக்க பேப்பர் கிளிப் போதும். நிமிர்த்தி, முனையை மட்டும் கொக்கி போல மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு மேலே இழுங்கள். பள்ளத்தில் விழுந்ததுபோல் முனை தடுக்கினால் கூட்டை நசுக்கி எறியுங்கள். வெளியே அதே உயரத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படியே.

தம்பியின் இருபதையும் கேஜில் போட்டோம். பன்னிரண்டு துருத்தின.

பிரைமரைத் தடவிப் பார்க்காதது

பிரைமர் கூட்டின் அடியோடு சமமாக இருந்தால் போதாது, மயிரிழை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். போல்ட் வேகமாக வந்து மோதும் துப்பாக்கி இது. துருத்திய பிரைமர், விசையைத் தொடாமலே வெடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தடவுங்கள்.

வின்செஸ்டர் 100 வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாடலில் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் உடைந்தால் போல்ட் பூட்டுமுன்பே வெடிக்கக்கூடும் என்று 1990-ல் பின்னை மாற்றித் தர அறிவிப்பு வந்தது. மாற்றியாயிற்றா என்று தெரியாத துப்பாக்கிக்குத் தோட்டா கெட்டவே உட்காராதீர்கள்.

"மெதுவா எரியும் மருந்துதானே, ஆபத்தில்ல"

இதைச் சொல்பவர்கள் உச்ச அழுத்தத்தை மட்டும் பார்க்கிறார்கள். .30-06-க்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு; அதற்குள்தான் இருக்கிறோமே என்பது வாதம். ஆனால் குண்டு வாயுத் துளையைத் தாண்டும் நொடியில் அங்கே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதுதான் போல்ட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மெதுவாக எரியும் மருந்து அந்த இடத்திலும் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். போல்ட் தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் பாயும். 742-ல் போல்ட்டின் பற்கள், அது ஓடும் ரிசீவரின் உட்சுவரில் கொத்திக்கொத்தித் தடம் போடுவது தெரிந்த விஷயம். அந்தத் தடம் விழுந்தால் திரும்பச் சரிசெய்வது நடக்காத காரியம்.

குறைத்துக் கெட்டினால் துப்பாக்கி சுழலாது. நடுத்தர வேக மருந்து, நடுத்தர எடைக் குண்டு, கையேட்டின் நடுப்பகுதி. என் துப்பாக்கி கேட்பது அதைத்தான்.

கழுத்துப் பிடிமானம்

மேகசினிலிருந்து ஏறும்போது குண்டின் மூக்கு சரிவில் போய் முட்டும். பிடி தளர்ந்திருந்தால் குண்டு உள்ளே நழுவும், அழுத்தம் எகிறும். மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு போலித் தோட்டா செய்து, நீளத்தை அளந்து, மேகசினிலிருந்து இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கி மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் கழுத்தை இன்னும் இறுக்க வேண்டும்.

கூட்டின் நீளம்

.30-06-க்கு 63.35 மில்லிமீட்டர். தாண்டினால் வெட்டுங்கள்.

லூப்

சுருக்கும்போது கூட்டில் தடவியதைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காது. உதை முழுதும் போல்ட்டின் மேல் விழும்.

பொறுக்கிய கூடுகள்

யார் எத்தனை தரம் சுட்டது என்று தெரியாத பித்தளை எனக்கு வேண்டாம்.

சேம்பரைப் பார்க்காமல் தோட்டாவைத் திட்டுவது

தம்பியின் டப்பாவில் கேஜில் சரியாக உட்கார்ந்த எட்டும் மிச்சம் இருந்தன. மறுநாள் அவற்றைச் சுட்டார். ஏழு ஓடின. எட்டாவதின் கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது, கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு வந்தது.

742-ன் ரிசீவர் பின்பக்கம் அடைத்தது. துடைக்கும் கம்பியைப் பின்னாலிருந்து நேராக விட முடியாது, எல்லோரும் குழலின் வாய் வழியாக விட்டுக் குழலை மட்டும் துடைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சேம்பர் ஈரம் குடித்துக்கொண்டு கிடக்கும். துருவின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் பித்தளை விரிந்து பிடித்துக்கொண்டால், எந்த டையும் அதற்கு மருந்தாகாது. அதற்கென்றே வளையும் கம்பியில் சேம்பர் பிரஷ் வருகிறது.

ஒட்டியதை எடுத்துவிட்டு, பிரஷை விட்டு நான்கு சுற்றுச் சுற்றித் துணியால் துடைத்தோம். துணி செங்கல் நிறத்தில் வந்தது. "இது எங்க தாத்தா காலத்துத் துரு அண்ணே" என்றார் தம்பி.