அரிசி வண்டும் ஒரு சின்னப் பொட்டலமும்

வேளச்சேரி வீட்டில், ஊரிலிருந்து வரும் பொன்னி அரிசியில் எப்போதும் வண்டு. வேப்பிலை, காய்ந்த மிளகாய் எதற்கும் அசரவில்லை. ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் கேட்டால் கடைக்காரர் முதலில் சிலிக்கா ஜெல்லை நீட்டினார். அது ஈரத்தைத்தான் இழுக்கும்.

சரியானதை வாங்கிச் சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டேன். பலனில்லை. பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூளும் உப்பும். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வண்டுக்கு மூச்சு முட்டும். பை வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருந்தால்? போதாக்குறைக்கு மீதிப் பொட்டலங்களை மேசையில் திறந்தே விட்டிருந்தேன். தொட்டால் சூடு, மறுநாள் கல்.

அப்புறம் தடித்த அலுமினிய உறை. வாயை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினேன். இரண்டே நாளில் உறை சுருங்கி அரிசியோடு ஒட்டிக்கொண்டது. நான்கு மாதம் கழித்துப் பிரித்தபோது ஒரு வண்டு இல்லை. அம்மாதான் நம்பாமல் முறத்தில் கொட்டிப் பார்த்தாள்.